போர்டில் ஏறாத வேலை

ஜனவரி 6

இந்த டைரி எனக்கு இனாமாக வந்தது. என் வீட்டுக்காரர் தனசேகர் ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் உட்கார்ந்து 'வெற்றியாளர் பயிற்சி' முடித்துவிட்டு வந்தார். கையில் ஒரு சான்றிதழ், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, இந்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இன்றைய என் முதல் மூன்று' என்று அச்சடித்து, கீழே மூன்று கோடு போட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் செய்ய வேண்டிய மிக முக்கியமான மூன்று வேலைகளை அதில் எழுதினால் வாழ்க்கையில் ஜெயித்துவிடலாமாம். நான் அந்தக் கோடுகளின் மேலேயே என் எரிச்சலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹாலில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை போர்டு ஒன்றை அடித்துவிட்டார். மூன்று கட்டம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ப்ளஸ் டூ படிக்கிற மகள் இலக்கியாவுக்கு ஒன்று.

"வசு, ஜெயிச்சவன்லாம் என்ன பண்றான் தெரியுமா? காலையில எந்திரிச்சதும் மூணே மூணு வேலையத் தேர்ந்தெடுக்கிறான். அத முடிக்காம வேற எதையும் தொடமாட்டான்."

"அப்ப மத்த வேலைய யாருங்க தொடுவா?"

"அதெல்லாம் தானா நடக்கும்."

தானாக நடக்குமாம்! கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் தானாகத்தான் நடக்கிறது. சட்டை தானாகத் துவைத்துக்கொள்கிறது, கக்கூஸ் தானாகக் கழுவிக்கொள்கிறது. கருமம், கருமம்.

ஜனவரி 9

விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுகிறார். அலாரம்கூட அவர் குரல்தான். "எழுந்திரு வெற்றியாளனே!" என்று கத்துகிறது. மூன்று பேரும் போர்டு முன்னால் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். மனுஷன் பல்கூடத் தேய்க்காமல் வந்து நின்று வாயைப் பிளக்கிறார். அந்த வாடைக்கு நான் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றேன்.

என் கட்டத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். ஒன்று, நேர்மறை எண்ணம். இரண்டு, கணவருக்கு ஊக்கம். மூன்று, இலக்கியாவின் சாப்பாடு, தண்ணி பாட்டில். மூன்றாவதையாவது உருப்படியாக எழுதினாரே என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. போர்டில் ஏறாத விஷயத்தை வீட்டில் யாரும் பேசக்கூடாது. கவனம் சிதறுமாம்.

ஜனவரி 13, போகி

வருஷா வருஷம் போகியன்று நாங்கள் பழைய பாய் எதையும் கொளுத்துவதில்லை. சம்ப் கழுவுவோம். வாசல் பக்கம் தரைக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அது. கார்ப்பரேஷன் தண்ணீர் அதில் விழுந்து, மோட்டார் போட்டு மேலே ஏறும். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். போகிக்கு முதல் நாளே தண்ணீரை இறைத்துவிட்டால் இலக்கியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவாள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டே உள்ளேயிருந்து பாடுவாள். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வரும். அதற்காகவே தெருப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கும்.

இந்த வருஷம் கழுவவில்லை. இன்றைக்குத்தான் அவர் மாடியில் 'முதல் மூன்று' வகுப்பை ஆரம்பித்தார். குடியிருந்தவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக அலைந்து தேயாத செருப்பு இனி இதில் தேயப்போகிறது.

"சம்ப் இன்னிக்குக் கழுவணும்ங்க."

"அது போர்டுல இருக்கா?"

இல்லை. அத்தோடு முடிந்தது பேச்சு.

ஜனவரி 19

மாடி வகுப்புக்கு இருபது பேர் வருகிறார்கள். எல்லாரும் 'நான் ஜெயிப்பேன்' என்று கத்திவிட்டு, வரிசையாக நம் வீட்டுக் கக்கூஸுக்குப் போகிறார்கள். ஒருத்தனுக்காவது ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை. வாழ்க்கையில் முன்னேற வந்தவர்கள் விட்டுப்போனதை நான் விளக்குமாறு பிடித்துத் தள்ளுகிறேன். தூ!

வந்தவர்களுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர். கஸ்டமர் முன்னால் மரியாதை முக்கியமாம். அவருடைய இரண்டு லிட்டர் பாட்டிலும் அதில்தான் நிரம்புகிறது. வகுப்பு முடிந்ததும் பெருக்கப் போகும்போது நானும் ஒரு சொம்பு பிடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். என் சீரகத் தண்ணிக்கும் டீக்கும் அது போதும். கீழே குழாயில் வருவது கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 24

வாசலில் கால் வைக்க முடியவில்லை. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. மூடி ஓரத்தில் கறுப்பாகக் கசிந்து, அதன் மேல் ஈ மொய்க்கிறது. இந்த வீடு கட்டும்போது இடமில்லை என்று கொத்தனார் டேங்க்கையும் சம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் தோண்டிவிட்டார். நடுவில் ஒரு ஆள் படுக்கக்கூட இடம் கிடையாது. அதனால்தான் வருஷம் தவறாமல் லாரி கூப்பிட்டு உறிஞ்சி எடுப்போம். லாரிக்குச் சொல்வது அவர் வேலை. எப்போதும் அவர்தான் செய்வார்.

பேசத்தானே கூடாது? எழுதலாமே. காலையில் அவர் கட்டத்தில் நான்காவதாக 'செப்டிக் டேங்க்' என்று எழுதினேன். வந்து பார்த்தார். துணியை எடுத்துத் துடைத்தார்.

"ஏங்க, வாசல்ல நிக்க முடியல. உங்க மூக்கு என்ன வேலை செய்யலியா?"

"அவசரமான வேலை வேற, முக்கியமான வேலை வேற வசு. ரெண்டையும் குழப்பிக்கிறவன்தான் தோக்குறான்."

"சரி. இனி இந்த டேங்க்கப் பத்தி என் வாயில ஒரு வார்த்தை வராது. நீங்களே கூப்புடுறீங்களா இல்லியான்னு பாக்குறேன்."

சொன்னது சொன்னதுதான். எனக்கும் ரோஷம் இருக்கிறது. எத்தனை காலத்துக்குத்தான் இந்த மனுஷன் விட்டதையெல்லாம் நான் பொறுக்கிக்கொண்டே இருப்பது?

ஜனவரி 30

நாற்றம். நாற்றம். நாற்றம். இன்றைய என் முதல் மூன்று.

பிப்ரவரி 3

இன்றைக்கு ஒரு வேடிக்கை. இலக்கியா தன் கட்டத்தில் கெமிஸ்ட்ரி, தாவரவியல் என்று இரண்டு எழுதிவிட்டு, மூன்றாவதாக 'தண்ணி நாறுது' என்று எழுதி வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் பெண்ணாச்சே!

அவர் சிரிக்கவில்லை. "இது ஒரு வேலையா பாப்பா? இது புகார். வெற்றியாளர் புகார் சொல்லமாட்டாங்க" என்று துடைத்துவிட்டு, அந்த இடத்தில் 'பிசிக்ஸ்' என்று எழுதினார். இலக்கியா பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். ஒரு மார்க் குறைந்தாலும் சீட்டு போய்விடும் என்று பயந்து பயந்து படிக்கிறாள். தெருவில் ஒரு கன்றுக்குட்டி நொண்டினால்கூட, புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காலைப் பிடித்துப் பார்க்கிற பெண்.

பள்ளிக்கூடம் கிளம்பும்போது என்னிடம் வந்து, "அம்மா, பில்டர்ல புடிச்சாலும் நாறுதும்மா" என்றாள். பாட்டிலை அவள் கையில் கொடுத்து, "போய் ஒங்கப்பாகிட்ட சொல்லு, தினமும் சொல்லு" என்றேன். நான் சொன்னால் கேட்காத மனுஷன் மகள் சொன்னாலாவது கேட்பார்.

பிப்ரவரி 9

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் மதில் மேல் எட்டிப் பார்த்துக் கத்தினார். ரிட்டையர் ஆகியும் அந்தக் குரல் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

"என்ன வசுமதி, மாடியில வாழ்க்கையத் தூக்கி நிறுத்துறாரு ஒன் வீட்டுக்காரரு, வாசல்ல இப்புடி விட்டு வச்சிருக்காரு? ஜன்னலத் தொறக்க முடியல எனக்கு."

"அவர்கிட்டயே கேளுங்க டீச்சர்."

"லாரிக்காரன் நம்பர் தர்றேன். ஒரு போன் போடு, வந்துருவான். இல்ல, நானே போடவா?"

"வேணாம் டீச்சர். அவர்தான் கூப்பிடணும்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். நான் கூப்பிட்டால் 'பாத்தியா, தானா நடந்துச்சு' என்பார். அந்த ஒரு பேச்சைக் கேட்க எனக்குச் சக்தி இல்லை.

பிப்ரவரி 14

இலக்கியா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடுகு தாளிக்கிற வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். லேசாகக் காய்ச்சலும் அடிக்கிறது. பரீட்சை பயம். என் தங்கைக்கும் இப்படித்தான் வரும்.

அவளுடைய கட்டத்தில் மூன்றும் முடியாமல் அப்படியே இருந்தன. அதற்கு ஒரு பிரசங்கம். "சோம்பேறித்தனத்துக்கு முதல் அடையாளம் என்ன தெரியுமா பாப்பா? ஒடம்புக்கு முடியலங்கறது." சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். தொண்டையில் அந்த உருண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த மனுஷனோடு எப்படி இத்தனை காலம் ஒரே தட்டில் சாப்பிட்டேன்?

பிப்ரவரி 18

"அம்மா, மஞ்ச மஞ்சளா யூரின் போகுது."

"சூடு. தண்ணிய நெறையக் குடி."

ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

சாயங்காலம் ரெஜினா டீச்சர் இங்கிலீஷ் மாதிரி வினாத்தாள் கொடுக்க வந்தார். இலக்கியா முகத்தைப் பார்த்ததும் அவளை இழுத்துக்கொண்டு போய் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தினார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"அடிப்பாவி, பெத்தவதானடி நீ? இந்தக் கண்ணு ஒனக்குத் தெரியலியா?"

மஞ்சள் கிழங்கு உரைத்து ஊற்றியதுபோல் இருந்தது வெள்ளை விழி. வீட்டுக்குள் டியூப் லைட்தான் எரிகிறது. அதில் எப்படித் தெரியும்?

பிப்ரவரி 19

மஞ்சள் காமாலை. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்கள். கெட்டுப்போன தண்ணீரில் வருவதாம். மூன்று வாரமாவது படுத்தே ஆக வேண்டுமாம்.

"டாக்டர், மார்ச் மூணாந்தேதி பரீட்சை" என்றாள் இலக்கியா. இவர் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டுல வேற யாருக்காவது வாந்தி, காய்ச்சல் இருக்கா?"

"இல்லைங்க."

"ஒரே தண்ணிதான குடிக்கிறீங்க எல்லாரும்?"

அதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள்.

பிப்ரவரி 20

சம்ப் மூடியைத் திறந்தேன்.

எழுதவே கை கூசுகிறது. டேங்க் பக்கத்துச் சுவரில் விரிசல். அது வழியாகக் கறுப்பாக வடிந்து கறை பிடித்திருந்தது. தண்ணீர் மேல் ஏடு கட்டியிருந்தது. அந்த வாசலிலேயே உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். இதில்தான் சோறு வடித்திருக்கிறேன். இதில்தான் பாட்டில் நிரப்பியிருக்கிறேன்.

ஃபிரிட்ஜ் மேலிருந்து சீட்டை எடுத்துப் போன் போட்டேன். "பக்கத்துத் தெருலதான்க்கா நிக்கிறேன்" என்றார் லாரிக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. டேங்க் காலி, சம்ப் காலி. கொத்தனார் சுவருக்குப் பூச்சு போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் அந்த வேலை.

இவர் வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

காலையில் போர்டைப் பார்த்தேன். அவர் கட்டத்தில் முதலாவதாக 'இலக்கியா' என்று எழுதியிருக்கிறது. பெற்ற பெண் இப்போதுதான் பட்டியலில் ஏறியிருக்கிறாள். த்தூ!

பிள்ளை கீழாநெல்லிச் சாறும் மோர்ச் சோறுமாகக் கிடக்கிறாள். புத்தகத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள்.

மார்ச் 3

தமிழ்ப் பரீட்சை எழுதிவிட்டாள். டாக்டரம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். "ஒரு வருஷம் போயிரும்மா" என்று அவள் அழுத அழுகைக்கு நான் என்ன செய்வேன்? ஆட்டோவில் கூட்டிப் போய், ஆட்டோவிலேயே கூட்டி வந்தோம். திரும்பி வரும்போது என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்சம் இரக்கமாகத்தான் இருந்தது.

மார்ச் 5

இரக்கப்பட்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாடிக்கு டீ கொண்டு போனேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "நண்பர்களே, என் மகள். மஞ்சள் காமாலை. எழுந்து உட்கார முடியாத நிலை. ஆனாலும் பரீட்சை எழுதினாள். எப்படி? எது முக்கியம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது!" எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

டீத் தட்டை மேஜையில் டங்கென்று வைத்தேன்.

"அவளுக்கு எது முக்கியம்னு தெரிஞ்சுதாங்க இருந்துச்சு. தண்ணி நாறுதுன்னு போர்டுல எழுதினா. இவருதான் துடைச்சாரு. நீங்கள்லாம் போயிட்டுப் போயிட்டு வந்தீங்களே, அந்த டேங்க்தான் ரொம்பி எங்க குடிதண்ணியில கலந்துச்சு. லாரிக்கு ஒரு போன் போட நேரமில்லாத ஆளு ஒங்களுக்கு வாழ்க்கைப் பாடம் எடுக்குறாரு. நல்லாக் கேட்டுக்கங்க!"

"வசு..." என்றார். மைக் ஆன் ஆகியிருந்ததால் அந்த 'வசு' அறை முழுக்கக் கேட்டது.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் டீயைத் தொடவில்லை. கீழே இறங்கி வந்து துணியை நனைத்துப் போர்டைச் சுத்தமாகத் துடைத்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக மூச்சு விட்டேன். என் மனதில் இருந்த கசடெல்லாம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 6

இங்கிலீஷ் பரீட்சையில் பாதியில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். மற்ற பரீட்சைகள் கிடையாது. இந்த வருஷம் போச்சு.

மார்ச் 9

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கண் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. இவர் வகுப்பு நாற்காலிகளை வாடகைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பதே நல்லது. அவர் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் இலக்கியாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தாள்.

"கேன் தண்ணியாம்மா?"

"ஆமாடி கண்ணு. அதையும் காய்ச்சி ஆறவச்சிருக்கேன்."

"நல்லா இருக்கு." இன்னொரு வாய் குடித்தாள். "ஒங்கப்பாவாலதான், ஒங்கப்பாவாலதான்னு ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தியேம்மா."

"பின்ன? பொய்யா சொன்னேன்?"

"பொய் இல்ல." டம்ளர் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நீ மாடிலேருந்து முந்தானைக்குள்ள சொம்ப வச்சு எடுத்துட்டு வருவல்ல. நான் படிச்சுக்கிட்டே பாப்பேன்."

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். மூடித்தான் இருந்தது.

"எனக்கும் ஒரு டம்ளர் குடுத்திருக்கலாம்லம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி சட்னி கேட்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரையும் குடித்து, டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்கு வந்தேன். அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை.